செம்மேட்டு மழையும் எட்டாம் கட்டளையும்

“ஆடிப் பட்டம் தேடி விதை” என்று நம் உழவர் பெருமக்கள் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். பல தலைமுறையினர் வானத்தை அண்ணாந்து பார்த்து, விதைத்து, இழந்து, மீண்டும் விதைத்துக் கண்டறிந்த முடிவு அது. வெப்பமானியும் மழைமானியும் இல்லாத காலத்தில் பழமொழியே பதிவேடாக இருந்தது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்ற கணக்கும் அவ்வாறு எழுந்ததே. இந்தக் கணக்கை வானம் ஓரளவேனும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான், உழவர் தம் குதிரிலிருந்த கடைசிப் படி விதையையும் எடுத்து மண்ணில் இட்டனர்.

இன்று அந்த நம்பிக்கை தளர்ந்து நிற்கிறது. “பருவம் தவறிவிட்டது” என்ற பேச்சு கடற்கரையிலும் சமவெளியிலும் மலையிலும் ஒருங்கே கேட்கிறது. அதைச் சொல்லி முடிக்கும் முன்னரே, “உலகம் சூடாகிவிட்டது, அதனால்தான்” என்ற அடுத்த சொல்லும் வந்துவிடுகிறது. இவ்விரு கூற்றுகளையும் இணைக்கின்ற “அதனால்தான்” என்ற சிறு சொல்லைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறோம். நம் ஊரில் மழை மாறியிருப்பது, உலகம் வெப்பமடைகிறது என்பதற்குச் சான்றாகுமா? இது அறிவியலாருக்கு மட்டுமே உரிய கேள்வி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. சான்று என்பது சாட்சி; சாட்சி என்றால் அங்கே அறம் வந்து நிற்கிறது. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை, அயலானைப் பற்றி நாம் பேசுவதற்கு மட்டுமன்றி, வானத்தையும் மண்ணையும் பற்றி நாம் பேசுவதற்கும் பொருந்தும் அன்றோ?

மலைமேல் கேட்கும் குரல்

எண்ணுவதற்கு ஓர் இடம் வேண்டும். கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக நிற்பது அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் விரிந்த மேட்டுநிலம் வரும். அதன் நடுவூராக, அலுவலகங்களும் கடைகளும் பேருந்து நிலையமும் கொண்டு விளங்குவது செம்மேடு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை அங்கே நிற்கிறது. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் தன் உருக் குலையாத கொல்லிப்பாவை இம்மலையில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. வானிலை வரும், போகும். மலை மாறாது என்று நம் முன்னோர் எண்ணியதன் அடையாளமாக அப்பாவையை நாம் கொள்ளலாம்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் என்று அழைக்கப்படுகின்றனர். மலையை ஆள்பவர் என்பது அச்சொல்லின் பொருள். கேரள மாநிலத்தவரை அது குறிப்பதன்று. இவர்கள் நெடுங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைவித்து உண்டு வாழ்ந்தவர்கள். மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி ஆகியனவும் இம்மண்ணில் செழிக்கின்றன. இவை எல்லாம் மழையின் நாளை எதிர்நோக்கி நிற்கும் பயிர்கள். காப்பிச் செடி பூப்பதற்குக் கோடையில் உரிய நேரத்தில் ஒரு மழை வேண்டும். மிளகுக் கொடி பூவெடுக்கத் தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்க மழை வேண்டும். ஆண்டின் மொத்த மழை குறையாவிட்டாலும், அது வரும் நாள் தவறினாலே விளைச்சல் போய்விடும்.

“முன்பெல்லாம் பனிமூட்டம் நண்பகல் வரை விலகாது, முன்பெல்லாம் தூறல் நாள்கணக்கில் நிற்கும், இப்போது ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது.” இத்தகைய பேச்சைத் தமிழகத்தின் எந்த மலையூரிலும் மூத்தோரிடம் கேட்கலாம். இதைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. கொல்லிமலை உழவர்கள் சிறுதானியங்களை விட்டு மரவள்ளிக்கு மாறியதைப் பற்றி, கனடா நாட்டு மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பண ஆசை ஒன்றினால் மட்டும் அம்மாற்றத்தை விளக்கிவிட முடியாது என்பதும், சுற்றுச்சூழல் விதிக்கும் நெருக்கடிகளும் வருங்காலத்தைப் பற்றிய குடும்பங்களின் விருப்பங்களும் அதில் கலந்துள்ளன என்பதும் அவர் கண்டவை. ஆகவே வானத்தைப் பற்றிய ஒரு குடும்பத்தின் கணிப்பு, அக்குடும்பம் எதை விதைக்கிறது, பிள்ளைகளுக்கு எதைச் சமைத்துப் போடுகிறது என்பது வரை இறங்கி வருகிறது. இத்தனை கனமான சாட்சியை நாம் எப்படிக் கேட்பது?

நினைவும் பதிவும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்று பெய்யும் மழையும் நாளை அடிக்கும் வெயிலும் வானிலை. பல ஆண்டுகளின் மழையும் வெயிலும் சேர்ந்து காட்டும் இயல்பே காலநிலை. உலக வானிலை அமைப்பு இந்த இயல்பைக் கணிக்க முப்பது ஆண்டுகளின் சராசரியை அளவுகோலாகக் கொள்கிறது. முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. ஒரு மனிதன் பிள்ளையாயிருந்து தகப்பனாகும் காலம் அது. அதற்குக் குறைந்த காலத்தைக் கொண்டு வானத்தின் குணம் மாறிவிட்டது என்று தீர்ப்பளிப்பது அவசரத் தீர்ப்பு.

மனித நினைவு நேர்மையானதாயினும் சமநிலை உடையதன்று. பெருவெள்ளம் வந்த ஆண்டு நினைவில் நிற்கும். அளவோடு பெய்து அமைதியாகக் கழிந்த பத்து ஆண்டுகள் மறந்துபோகும். சிறுவயதில் போர்வை இல்லாமல் நடுங்கிய குளிர், முதுமையில் கம்பளிக்குள் இருக்கும்போது இன்னும் பெரிதாகத் தோன்றும். இது யாருடைய குற்றமும் அன்று. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பவர் இதை மறந்துவிடக் கூடாது.

2016ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட நூற்றுக்கு அறுபது பங்குக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. “இதைவிட வேறு சான்று வேண்டுமா?” என்று அன்று கேட்டவர் பலர். ஆனால் 1876 முதல் 1878 வரை இதே மண்ணில் தாது வருடப் பஞ்சம் என்று பெயர் பெற்ற கொடும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அன்று உலகில் எரிக்கப்பட்ட நிலக்கரி இன்றைய அளவில் மிகச் சிறிய பங்கே. பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தை மீறிச் சூடேறும் ‘எல் நினோ’ என்ற இயற்கை நிகழ்வோடு அப்பஞ்சம் தொடர்புடையது என்று இன்று அறிகிறோம். அப்பஞ்சத்தை விளைவித்ததில் ஆட்சியாளரின் இரக்கமின்மைக்கும் பங்குண்டு. ஆக, ஒரு வறட்சியை மட்டும் காட்டி உலக வெப்பத்தை நிறுவ இயலாது.

இதன் மறுபக்கமும் உண்டு. உதகையில் ஒரு சனவரி மாதக் காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைக் காட்டி, “உலகம் சூடாகிறதாமே!” என்று நகைப்பவர்கள் உள்ளனர். இவர்களும் முன்னவர்களும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஓர் ஆண்டு மழை பொய்த்ததை வைத்து வாதிடுகிறவர், அடுத்த ஆண்டு மழை கொட்டும்போது வாயடைத்து நிற்க நேரும். உண்மையான ஒன்றைத் தவறான சான்றைக் கொண்டு காப்பாற்ற முயல்வது, அந்த உண்மைக்கே செய்யும் தீங்கு.

தானியேல் கேட்ட கேள்வி

அப்படியானால் எதைச் சான்றாகக் கொள்வது? விவிலியத்தில் சாட்சிகளை விசாரிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் நம் கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெற்றுள்ள ஒரு செல்வம். பாபிலோனில் வாழ்ந்த சூசன்னா என்ற கற்புடைய பெண்மீது இரு முதியவர் பழி சுமத்தினர். அவர்கள் மூப்பர்கள், நடுவர்கள். எனவே கூடியிருந்தோர் மறுபேச்சின்றி அவர்களை நம்பினர். இளைஞரான தானியேல் குறுக்கிட்டு, அவ்விருவரையும் தனித்தனியே பிரிக்கச் செய்தார். எந்த மரத்தின் அடியில் கண்டீர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது; குற்றமற்ற உயிர் காக்கப்பட்டது.

சாட்சிகள் எத்தனை பேர் என்பதோடு, அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பேசாமல், தனித்தனியே நின்று ஒரே உண்மையைச் சொல்கின்றனரா என்பதைப் பார்க்க வேண்டும். தானியேல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. ஒரு மலையூரின் ஆயிரம் பேர் ஒரே குரலில் பேசினாலும், அவர்கள் கண்டது ஒரே வானத்தையே. உலகம் முழுவதும் வெப்பமடைகிறதா என்று அறிய, ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் தேவை.

அத்தகைய சாட்சிகளைத் தேடிச் சேர்த்தவர்களுள் ஒருவர் கை காலெண்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர். அவர் 1938ஆம் ஆண்டு, உலகின் ஏறத்தாழ 150 வானிலை நிலையங்களின் பழைய குறிப்பேடுகளைத் தொகுத்து, நிலப்பரப்பு மெல்லச் சூடாகி வருவதைக் காட்டினார். கரியமில வாயு மிகுந்தால் உலகம் வெப்பமடையும் என்று சுவீடன் நாட்டு அறிவியலார் அரேனியசு 1896இலேயே கணக்கிட்டிருந்தார். 1958 முதல் அவாய்த் தீவின் மௌனா லோவா மலையுச்சியில் சார்லசு கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இன்றோ சாட்சிகள் பெருகிவிட்டன. நிலத்தின் வெப்பமானிகள் சொல்வதைக் கடலில் மிதக்கும் கருவிகளும் சொல்கின்றன. பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது. மேலும் நுட்பமான ஒரு சாட்சியும் உண்டு. வெப்பம் கூடுவதற்குக் கதிரவனே காரணமாக இருந்திருந்தால், காற்றுமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் ஒருங்கே சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாக, மேலடுக்கு குளிர்ந்து வருகிறது. கீழே போர்த்திய போர்வை வெப்பத்தைத் தடுத்துவைப்பதன் அடையாளம் அது. தானியேலின் கேள்விக்கு இங்கே எல்லாச் சாட்சிகளும் ஒரே மரத்தின் பெயரைச் சொல்கின்றன.

இம்முடிவுக்கு அறிவியலார் விரைந்து வரவில்லை என்பதும் நம் கவனத்திற்குரியது. ஐ.நா. சார்பில் 1988இல் அமைந்த பன்னாட்டுக் காலநிலைக் குழு, 1990இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் மனிதரின் பங்கு இதில் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லத் தயங்கியது. 1995இல் அப்பங்கு புலப்படுவதாகக் கூறியது. அடுத்தடுத்த அறிக்கைகளில் உறுதி கூடிக்கொண்டே வந்தது. 2021இல்தான் ஐயத்திற்கு இடமில்லை என்ற சொல்லை அது எழுதியது. முப்பது ஆண்டுகள் நாவை அடக்கிக் காத்திருந்து சொல்லப்பட்ட சொல் அது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட, 2011–2020 காலத்தில் உலகின் வெப்பம் 1.1 பாகை செல்சியசு கூடியிருந்தது என்று அவ்வறிக்கை கூறுகிறது.

1.1 பாகை என்பது ஒரு பொருட்டா என்று சிலர் கேட்கலாம். கொல்லிமலைச் சாலையில் ஏறியவருக்கு இதை எளிதில் விளக்கலாம். உயரம் கூடக் கூடக் குளிர்ச்சி கூடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. ஆகவே ஒரு பாகை வெப்பம் கூடுவது, வெப்பத்தைப் பொறுத்தமட்டில், செம்மேட்டை ஏறத்தாழ 150 மீட்டர் கீழே இறக்கி வைப்பதற்கு ஒப்பாகும். எழுபது வளைவுகளில் தோராயமாகப் பத்துப் பன்னிரண்டு வளைவுகளை அது இழந்துவிடும். மனிதர் அசைக்க முடியாதது என்று நாம் எண்ணிய மலையை, அதன் இடத்திலிருந்து எடுக்காமலேயே மனிதர் இறக்கிக்கொண்டிருக்கின்றனர்.

இரு துயரங்கள், இரு விடைகள்

உலகம் சூடாவது உறுதி என்று கண்டபின், நம் ஊரின் ஒவ்வொரு துயரத்தையும் அதன் கணக்கில் எழுதிவிடலாமா? இங்கும் உண்மை நம்மை நிதானிக்கச் சொல்கிறது.

2015 டிசம்பர் முதல் நாளில் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த பெருமழை நம் நினைவில் உள்ளது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. பாரிசு மாநகரில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவ்வெள்ளத்தைப் புவி வெப்பத்தின் கண்கூடான சான்றாகப் பலரும் சுட்டிக்காட்டினர். பின்னர் அறிவியலார் குழு ஒன்று அம்மழையை ஆராய்ந்து 2016இல் தன் முடிவை வெளியிட்டது. அந்த ஒரு நாள் பெருமழையின் வாய்ப்பை மனிதரால் விளைந்த வெப்பம் கூட்டியதாகத் தம்மால் கண்டறிய முடியவில்லை என்று அவர்கள் அறிவித்தனர். உலகம் சூடாவதை உறுதியாக நம்பிய அறிவியலாரே, இந்த வழக்கில் அச்சாட்சி போதவில்லை என்று சொன்னார்கள். தம் தரப்புக்கு உதவக்கூடியதாயினும் நிறுவப்படாததைச் சொல்ல மறுத்த அந்த நேர்மை, எட்டாம் கட்டளையைக் கடைப்பிடிப்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஆற்றின் கரைகளையும் சதுப்பு நிலங்களையும் ஏரிகளையும் வீட்டு மனைகளாக்கிய நம் கைகளின் பங்கை, அந்த விடை இன்னும் தெளிவாகக் காட்டியது.

இனி வயநாடு. 2024 சூலை 30 விடியற்காலை, முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதையுண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பேய்மழையை ஆராய்ந்த அறிவியலார், மனிதரால் விளைந்த வெப்பம் அதனை ஏறத்தாழ 10 விழுக்காடு கனமாக்கியது என்று கணித்தனர். இதன் காரணம் எளியது. காற்று ஒரு பாகை சூடேறினால், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். குடம் பெரிதானால் நிறைய நேரம் ஆகும். கவிழ்ந்தால் கொட்டுவதும் மிகுதி. இடையே நீண்ட வறட்சியும், பெய்தால் பெருங்கொட்டும் வரக்கூடும் என்பதை இந்த உவமையால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரே நாட்டில், அடுத்தடுத்த மாநிலங்களில், இரு பெருமழைகள். இரு வேறு விடைகள். இதனால் அறிவியல் தடுமாறுகிறது என்று கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் சாட்சியின்படி விசாரிக்கும் நடுவரைத்தான் நாம் இங்கே காண்கிறோம்.

கை கழுவும் நீர்

செம்மேட்டுக்குத் திரும்புவோம். அங்கே பனிமூட்டம் குறைந்தது என்றால், உலக வெப்பம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணங்களும் அம்மலையிலேயே உள்ளன. பழைய காடுகள் பல இடங்களில் திருத்தப்பட்டு விளைநிலங்களாயின. மிளகுக் கொடி படர்வதற்காகச் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நடப்பட்டன. மலையின் சில பகுதிகளில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் பயிர் அது. மண்ணைக் கிளறிப் பிடுங்கி எடுக்கப்படும் கிழங்காதலால், சரிவான நிலத்தில் மேல்மண் மழையோடு போவதற்கு அது வழிவிடுகிறது. காடு குறைந்தால் பனியைப் பிடித்து நிறுத்த இலைகள் இல்லை. மண் போனால் நீரைத் தேக்கிவைத்து ஓடைக்கு ஊட்ட வழியில்லை. பெய்த மழை குறையாதபோதும் ஓடை முன்னதாகவே வற்றிவிடக் கூடும்.

சான்றைப் பற்றிய கேள்வி, குற்றத்தைப் பற்றிய கேள்வியாக மாறுவது இந்த இடத்தில்தான். “எல்லாம் உலக வெப்பத்தால் வந்தது” என்று நாம் சொல்லும்போது, காட்டை அழித்த கையும், ஏரியைத் தூர்த்த கையும், அதற்கு ஒப்பமிட்ட கையும் விடுவிக்கப்பட்டுவிடுகின்றன. பிலாத்து கை கழுவிய நீர் போல, உலகளாவிய காரணம் உள்ளூர்க் குற்றத்தைக் கழுவப் பயன்படுகிறது. இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. “மலைவாழ் மக்களே காட்டை வெட்டித் தம் மழையைக் கெடுத்துக்கொண்டனர்” என்று கீழிருந்து சொல்வது எத்துணை எளிது! அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். இந்தியர் ஒருவரின் சராசரி ஏறத்தாழ 2 டன். சாமை விதைத்துச் சமைத்து உண்ணும் மலைக் குடும்பத்தின் பங்கு இந்தச் சராசரிக்கும் மிகக் கீழே. உலகின் செல்வர் ஏற்றிய வெப்பத்தின் பழியை அக்குடும்பத்தின் தலையில் சுமத்துவதும் பொய்ச்சாட்சியே. அக்குடும்பத்தின் மரவள்ளியை ஜவ்வரிசியாக வாங்கிப் பாயசம் வைக்கும் நாமும், மிளகை விலை பேசி வாங்கும் நாமும் அவ்வழக்கிற்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர்.

சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்று மக்கள் எண்ணினர். ஆண்டவர் இயேசு அந்த எண்ணத்தை மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், கேட்டுக்கொண்டிருந்தோரை மனம்மாற அழைத்தார். துயருற்றோரிடம் குற்றம் தேடாமலும், துயரத்தை வெறும் விபத்தாகக் கருதி மறந்துபோகாமலும், நம்மையே நாம் சோதித்துக்கொள்ளும் வழியை அங்கே காண்கிறோம்.

நாம் சொல்லத் தகுந்தது

திருத்தந்தை பிரான்சிசு 2015இல் ‘லௌதாத்தோ சி’ என்ற சுற்றுமடலையும், 2023 அக்டோபர் 4 அன்று ‘லௌதாத்தே தேயும்’ என்ற திருத்தூது ஊக்கவுரையையும் வெளியிட்டார். தனித்தனியான ஒவ்வொரு நிகழ்வுக்கும் அறிவியல் வழியில் காரணம் காட்டிவிட முடியாது என்பதை முன்னதும், ஒவ்வொரு பேரிடரையும் உலகக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்பதைப் பின்னதும் ஏற்றுக்கொள்கின்றன. அதே மூச்சில், மனிதரால் விளைந்த மாற்றம் கடும் நிகழ்வுகளைப் பெருக்குகிறது என்பதைத் தயக்கமின்றி அறிவிக்கின்றன. ஒரு தயக்கமும் ஓர் உறுதியும் ஒரே பத்தியில் அருகருகே இருப்பதில் முரண் ஏதுமில்லை. நேர்மையான சாட்சியின் பேச்சு அவ்வாறுதான் இருக்கும்.

எனவே நம் கேள்விக்கு விடை இதுவாகும். செம்மேட்டில் மாறிய மழை, தனித்து நின்று உலக வெப்பத்தை நிறுவ வல்லதன்று. உலகெங்குமுள்ள ஆயிரமாயிரம் பதிவுகளோடு ஒரு பதிவாகச் சேரும்போது அதுவும் சாட்சியாகிறது. அந்த ஆயிரமும் இத்தகைய சிற்றூர்களின் குறிப்புகளால் ஆனவையே. உலகம் சூடாகிறது என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது. அதைச் செம்மேடு மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏழை உழவர் தம் துயரத்தை நம் வாதத்திற்குக் காட்சிப்பொருளாகத் தரவேண்டியதில்லை. காரணம் மெய்ப்பிக்கப்படும் வரை உதவிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியர், கள்வர் யார் என்று விசாரித்த பின்னரா எண்ணெய் வார்த்தார்?

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வானத்தை அளந்து குறித்துவைப்பது நம் திருச்சபைக்குப் புதிய பணி அன்று. மணிலாவில் 1865இல் இயேசு சபையினர் வானிலை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினர். அங்கே பணியாற்றிய அருட்தந்தை ஃபவுரா 1879இல் புயல் எச்சரிக்கை விடுத்தார். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை லஃபோன் 1867 முதலே நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார். நம் பங்குகளின் பள்ளிகளில் ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் வைப்பது பெருஞ்செலவான செயலா? பிள்ளைகள் நாள்தோறும் காலையில் அளந்து எழுதட்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அக்குறிப்பேடு, “முன்பெல்லாம்” என்று மட்டும் சொல்லக்கூடிய நம் நினைவைவிட உறுதியான சாட்சியாகும்.

கொல்லிமலையில் ஊர்த் தெய்வங்களுக்கென விடப்பட்ட கோயில் காடுகள் இன்றும் உள்ளன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்குள்ள மக்களோடு இணைந்து, மறைந்துவரும் சிறுதானிய விதைகளைக் காக்க முயன்று வந்துள்ளது. ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்த ஆண்டு முடிந்ததும் நம் ஆர்வமும் முடிந்துவிடலாகாது. குறைந்த நீரில் விளையும் சாமையும் தினையும் நம் அடுக்களையில் வாரம் ஒருமுறையேனும் இடம்பெற்றால், மலையில் ஒரு சரிவில் மண் நிலைத்திருக்க நாமும் துணைசெய்தவர்களாவோம். நம் வீட்டு மின்சாரத்தையும் எரிபொருளையும் அளவோடு செலவிடுவது வேறொரு வகைத் துணை. மழை மாறியதற்குக் காரணம் உலக வெப்பமாயினும், உள்ளூர் அழிவாயினும், இரண்டுமாயினும் இக்கடமைகள் மாறுவதில்லை.

மேற்கே மேகம் எழக் கண்டதும் மழை வரும் என்று சொல்லத் தெரிந்த மக்கள், தாம் வாழும் காலத்தை ஆராய்ந்தறியாமல் இருந்ததை இயேசு கடிந்துகொண்டதாக லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். மேகத்தைப் பார்ப்பதை அவர் குறை கூறவில்லை. பார்த்தபின் அவர்கள் நின்றுவிட்டதையே குறை கூறினார். நாமும் மேகத்தைப் பார்ப்போம், அளப்போம், குறித்துவைப்போம். கண்டதைக் கண்டபடி சொல்வோம். காணாததைச் சேர்த்துச் சொல்லாதிருப்போம். அடுத்த ஆடியில் விதையைக் கையிலேந்தி வானம் பார்த்து நிற்கும் அந்த மலைக் குடும்பத்திற்கு, நம்மிடமிருந்து வரவேண்டிய முதல் நீதி அதுவே.